கோல்டன் கேட் பார்க்: மூட்டுவலி அத்தை, நாலு வயசு வாண்டு, ஒரே ஒரு நாள்

வெண்பூசணி:

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து என் மாமனார் மாமியார் வந்து ஐந்து வாரம் ஆகிறது, இதுவரை கோயில், காஸ்ட்கோ, மறுபடியும் கோயில் என்றே ஓடிவிட்டது. ஜூலை மூன்றாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பார்க்குக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். (பாலம் இல்லை, பூங்கா. பாலத்தை வந்த முதல் வாரமே பார்த்தாயிற்று, மூடுபனியில் பாலத்தின் காலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.)

எங்கள் படையைச் சொல்லிவிடுகிறேன். மாமா வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு செடியைப் பார்த்தால் அதன் குலம் கோத்திரம் தெரியாமல் அங்கிருந்து நகர மாட்டார். அத்தைக்கு இரண்டு முட்டியிலும் வலி, சமதரையில் பதினைந்து நிமிடம் நடப்பார், படி என்றால் முகம் மாறும், ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 4. என் கணவர் மேப்பில் பச்சையாகத் தெரிவது எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? ஜப்பானியத் தோட்டத்துக்குக் காசு கொடுத்துப் போகலாமா? பழைய பதிவு ஒன்றில் பெரிய ராட்டினம் இருக்கிறது என்று படித்துப் பையனிடம் சொல்லிவிட்டேன், அது இன்னும் இருக்கிறதா? அப்புறம் சாப்பாடு. அத்தை வெளியில் எதுவும் சாப்பிட மாட்டார், கட்டிக்கொண்டு போனால் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா?


பழைய சன்செட்வாசி:

அந்தப் பூங்காவுக்குத் தெற்கே இருக்கும் சன்செட் பகுதியில் பதினோரு வருடம் குடியிருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கணவரிடம் அளவைச் சொல்லுங்கள். 1,017 ஏக்கர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை விடப் பெரியது. கிழக்கிலிருந்து மேற்கே கடற்கரை வரை ஏறக்குறைய 3 மைல் நீளம், அரை மைல் அகலம், மேப்பில் பார்த்தால் நீட்டிப்போட்ட பாய் மாதிரி இருக்கும். நீங்கள் பார்க்க நினைப்பதில் முக்கால்வாசி கிழக்குப் பாதியில்தான் இருக்கிறது. மேற்கே காட்டெருமைகளும் ஏரிகளும் காற்றாலைகளும் உண்டு, அவை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முட்டிவலியும் நாலு வயதும் சேர்ந்து வரும் நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கிழக்குப் பாதியில் இருக்கும் மியூசிக் கான்கோர்ஸ் என்ற திறந்தவெளியிலிருந்து காட்டெருமை வேலி வரைக்குமே இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். 1890-களிலிருந்து அங்கே காட்டெருமை வளர்க்கிறார்கள், இன்னொரு நாள் காரிலேயே போய் வேலி ஓரம் நிறுத்திப் பாருங்கள்.

ராட்டினம் போய்விட்டது. அந்த ஸ்கைஸ்டார் வீல் 2020-ல் பூங்காவின் 150-வது ஆண்டுக்காகக் கொண்டுவந்து நிறுத்தியது, 2023-ல் பிஷர்மன்ஸ் வார்ஃபுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பழைய பதிவுகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் நாள் முழுக்க அதே பாட்டாக இருக்கும். பதிலுக்கு, தென்கிழக்கு மூலையில் குழந்தைகள் விளையாட்டுத் திடல் இருக்கிறது, 1888-ல் திறந்தது, அமெரிக்காவில் பொதுப் பூங்காவில் குழந்தைகளுக்கென்றே அமைத்த முதல் திடல் அதுதான் என்பார்கள். அங்கே 1914-ல் செய்த குடைராட்டினம் ஒன்று ஓடுகிறது, வெறும் குதிரை மட்டும் இல்லை, ஒட்டகம், வரிக்குதிரை, சேவல், டிராகன் என்று மொத்தம் 62 பிராணிகள். சின்னவள் இறங்க மாட்டாள், பாருங்கள். பெரியவனுக்கு அதே திடலில் சரிவில் கட்டிய சிமென்ட் சறுக்கு மரம் இருக்கிறது, ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அதன்மேல் உட்கார்ந்து சறுக்கினால்தான் வேகம். அங்கே யாராவது விட்டுப்போன அட்டை கிடக்கும், ஆனால் பெரும்பாலும் நைந்துபோய் இருக்கும்.

என் கணக்கு இதுதான்: காலையில் ஒரு தோட்டம், நடுவில் சாப்பாடு, மதியம் திடல். அவ்வளவுதான். இரண்டு தோட்டம் என்றால் இரண்டாவதை அத்தை பெஞ்சில் உட்கார்ந்துதான் பார்ப்பார். அவருக்கு அது பிடிக்கும் என்றால் சரி.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் விரித்து உட்காரலாம். மியூசிக் கான்கோர்ஸில் வரிசையாக மொட்டையடித்து மொட்டையடித்து முடிச்சு விழுந்த மரங்கள் நிற்கும், ஜூலையில் அவற்றில் இலை இருக்கும், அடியில் பெஞ்சுகளும் உண்டு. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.


கணக்குப்பிள்ளை:

மேலே எழுதியவர் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று, குளிர். ஜூலை என்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பக்கம் 32 டிகிரி கொளுத்தும், அதை நம்பி அத்தையை மெல்லிய சேலையில் கூட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள், பூங்காவில் 16, 17 டிகிரிதான் இருக்கும், அதோடு காற்று. நான் என் அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போய், பாதி நாளில் ஒரு கடையில் "ஐ லவ் எஸ்எஃப்" என்று எழுதிய ஆரஞ்சு நிற ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுவிட்டேன். அந்த ஸ்வெட்டரோடு அம்மா எங்கள் தெருவில் மார்கழிக் கோலம் போடுகிற படம் இன்னும் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

இது ஏதோ ஒரு நாள் கூத்து இல்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு கோடையில் சூடாகி, அந்தச் சூடான காற்று மேலே போகும், அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று உள்ளே இழுபடும், இங்கே கடல் தண்ணீர் சில்லென்று இருப்பதால் அந்தக் காற்று மூடுபனியாகத்தான் வரும். ஆக, உள்ளே எவ்வளவு வெயிலோ, கடலோரத்தில் அவ்வளவு பனி. நல்ல வெயில் வேண்டும் என்றால் செப்டம்பர், அக்டோபர். அதற்குள் உங்கள் மாமா அத்தை விசா முடிந்து கிளம்பிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, காரில் ஒரு பையும் வைக்காதீர்கள். வெறும் டயப்பர் பை என்றாலும் வைக்காதீர்கள். எங்கள் காரின் பின் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருந்த புளியோதரை டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, தெருவோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூடியைத் திரும்பப் போட்டிருந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். அதிலிருந்து நான் மியூசிக் கான்கோர்ஸுக்கு அடியில் இருக்கும் கட்டண நிறுத்துமிடத்தில்தான் விடுகிறேன். காசு போகும்தான். ஆனால் லிஃப்டில் ஏறி வெளியே வந்தால் ஒரு பக்கம் அறிவியல் அகாடமி, மறு பக்கம் டி யங் அருங்காட்சியகம், நாலு எட்டில் ஜப்பானியத் தோட்டம், அத்தையின் முட்டிக்கு அந்தக் காசு தகும்.


நீலகிரி எக்ஸ்பிரஸ்:

எல்லோரும் ஜப்பானியத் தோட்டம் ஜப்பானியத் தோட்டம் என்று அங்கேயே போய் நெரிகிறார்கள். உங்கள் மாமா வேளாண்மைக்காரர் என்றால் எதிரே இருக்கும் பொட்டானிகல் கார்டனுக்குக் கூட்டிப்போங்கள். 55 ஏக்கர். பெரும்பாலும் சமதரைப் பாதை. தினமும் காலை ஏழரையிலிருந்து 9 மணி வரை யாருக்கும் கட்டணம் கிடையாது (நகரவாசிகளுக்கு எப்போதுமே இலவசம், நீங்கள் ஃப்ரீமாண்ட் பக்கம் என்றால் கணக்கில் வராது).

அங்கே செடிகளை நாடு வாரியாக நட்டிருக்கிறார்கள், சிலி ஒரு பக்கம், தென்னாப்பிரிக்கா ஒரு பக்கம், ஆஸ்திரேலியா ஒரு பக்கம். என்னை உட்காரவைத்தது மேகக்காட்டுப் பகுதி. மத்திய அமெரிக்காவில், தென்கிழக்கு ஆசியாவில் உயரமான மலைகளில் மேகம் தவழும் காடுகளில் வளரும் மரங்கள், கண்ணாடிக் கூண்டு எதுவும் இல்லாமல் வெட்டவெளியில் இங்கே நிற்கின்றன. மேலே கணக்குப்பிள்ளை திட்டிய அதே மூடுபனிதான் காரணம், உறைபனியும் அதிகம் இல்லை, சுடு வெயிலும் இல்லை, ஈரம் மட்டும் எப்போதும். நான் ஊட்டிக்காரன், சோலைக்காட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, அந்த மக்கிய இலை வாசனை கூட. கொஞ்சம் தள்ளி ரெட்வுட் தோப்பு, அங்கே போனால் குழந்தைகள் கூட தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

மக்னோலியா பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை வர வேண்டும். ஜூலையில் அது கிடைக்காது. ஜூலையில் பூ என்றால் கன்சர்வேட்டரி என்ற கண்ணாடிச் செடிவீட்டுக்குப் பக்கத்தில் டேலியா பாத்தி இருக்கிறது, அது பூக்கத் தொடங்கியிருக்கும், தட்டு அகலத்துக்குப் பூ, கட்டணமும் இல்லை. டேலியாதான் அந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ மலர்.


வெண்பூசணி:

அடேயப்பா, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ராட்டினம் இல்லை என்று பையனிடம் சொல்லிவிட்டேன், ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், அட்டைப்பெட்டி என்றதும் சரியாகிவிட்டான். இப்போது வீட்டில் இருக்கும் எல்லா அமேசான் பெட்டிகளையும் அளந்துகொண்டிருக்கிறான்.

இரண்டு சந்தேகம். சனிக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை போனால் கூட்டம் குறையுமா? அவர் விடுப்பு எடுக்கத் தயார். அப்புறம், உள்ளே சுற்ற வண்டி ஏதாவது உண்டா? மாமாவுக்கு இந்தப் பூங்காவின் கதையும் வேண்டுமாம், "மணல்மேட்டில் எப்படி ஐயா இவ்வளவு மரம் வந்தது" என்று நேற்றிலிருந்து கேட்கிறார், நான் எதையோ படித்து அரைகுறையாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.


பழைய சன்செட்வாசி:

வெள்ளி நல்லது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை 10 மணிக்குள் நுழைந்துவிட்டால் ஜப்பானியத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள், பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கும். ஆனால் சனிக்கிழமையில் ஒரு லாபம் உண்டு, சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவின் ஒன்பது மாவட்டவாசிகளுக்கு டி யங் அருங்காட்சியகம் அன்று இலவசம். நீங்கள் ஓவியம் பார்க்கவா போகிறீர்கள்? அந்த அருங்காட்சியகத்தின் கோபுரத்துக்கு எந்த நாளும் சீட்டு வேண்டாம், 144 அடி உயரம், லிஃப்டில் ஏறினால் பூங்கா முழுக்கக் கண்ணாடி வழியே தெரியும், அத்தைக்கு நடக்காமலே மொத்தப் பூங்காவையும் காட்டிவிடலாம். மூடுபனி இருந்தால் வெள்ளைத் துணிதான் தெரியும், அது உங்கள் அதிர்ஷ்டம்.

வண்டி: வார இறுதியில் இலவச ஷட்டில் ஓடும். வெள்ளியில் அதை நம்பிக் கிளம்பாமல் மடக்கு சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்து டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். "எனக்கு எதுக்கு நாற்காலி, நான் என்ன கிழவியா" என்பார். குழந்தைகளுக்குப் பை வைக்க என்று சொல்லிக் கொண்டுபோங்கள், அரை மணியில் பை இறங்கி அவர் ஏறியிருப்பார். முன்பு கார்கள் பறந்த ஜேஎஃப்கே சாலையின் ஒன்றரை மைல் 2020-லிருந்து கார் இல்லாத தெரு, 2022-ல் நகரவாசிகள் ஓட்டுப்போட்டு அதை நிரந்தரமாக்கினார்கள். தார்ச்சாலை, நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும்.

ஜப்பானியத் தோட்டத்தில் மட்டும் கவனம். பாதைகள் குறுகல், கல் படிகள் நிறைய, நாற்காலி ஓரளவுக்குத்தான் போகும். அரைவட்டமாக நிமிர்ந்து நிற்கும் மரப்பாலம் ஒன்று உண்டு, அது பாலம் இல்லை, ஏணி. பையன் ஏறுவான், நீங்கள் கீழே நின்று படம் எடுங்கள்.


தயிர்சாதம்:

மாமாவுக்கு உரிய பதிலை நான் சொல்கிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

அந்த இடம் முழுக்க மணல்மேடுதான், "வெளி நிலங்கள்" என்றுதான் பெயரே. சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டைக் கூப்பிட்டுக் கேட்டபோது இந்தக் காற்றில் அந்த மாதிரிப் பூங்கா சரிப்படாது என்று வேறு இடத்தைப் பரிந்துரைத்தார். நகரம் கேட்கவில்லை. 1870-ல் இருபது சொச்சம் வயதுப் பொறியாளர் வில்லியம் ஹாமண்ட் ஹாலிடம் அளவெடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டே அவர்தான் முதல் கண்காணிப்பாளர்.

மணலை எப்படி நிறுத்துவது என்பதுதான் சிக்கல். லூப்பின் என்ற செடியின் விதையைத் தூவினால் முளைப்பதற்குள் காற்று மணலோடு சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். அங்கேதான் ஒரு கதை சொல்வார்கள். குதிரைக்குப் போட்ட ஊறிய பார்லி மணலில் சிந்தி, சில நாளில் பச்சையாக முளைத்து நின்றதாம். அதைப் பார்த்துத்தான் பார்லியையும் லூப்பினையும் கலந்து விதைக்க ஹாலுக்கு யோசனை வந்ததாம். பார்லி வேகமாக முளைத்து மணலைக் கொஞ்ச நாள் பிடித்துக்கொள்ளும், அதன் மறைவில் லூப்பின் வேர் விடும், அது பயறு வகைக் குடும்பம், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். அப்புறம் தெருவில் வாரிய குதிரைச் சாணத்தை வண்டி வண்டியாகக் கொட்டி, அதன்மேல் மான்டெரி பைன், மான்டெரி சைப்ரஸ், யூகலிப்டஸ். அந்த யூகலிப்டஸ் நம் நீலகிரியில் நிற்கிற அதே தைல மரம்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கேயும் வந்தது, அங்கேயும் போனது. ஊடுபயிர், பசுந்தாள் உரம், காற்றுத் தடுப்பு என்று உங்கள் மாமா பணிக்காலம் முழுக்க விவசாயிகளிடம் சொன்ன பாடத்தை ஒரு நகரம் 1,000 ஏக்கரில் செய்து பார்த்திருக்கிறது. அவரை அந்தப் புல்வெளியில் நிறுத்தி, காலுக்கு அடியில் கடல் மணல் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவரே குனிந்து தோண்டிப் பார்ப்பார்.

பின்னால் வந்தவர் ஜான் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர். 1887-ல் பூங்கா வேலைக்கு வந்தவர், 1943-ல் 96 வயதில் இறக்கும்வரை அவர்தான் கண்காணிப்பாளர். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எரு வேண்டும் என்பாராம். "புல்லில் நடக்காதே" பலகை என் பூங்காவில் கூடாது என்றவர். சிலைகள் என்றால் அறவே பிடிக்காது, யாராவது ஒரு பெரிய மனிதரின் சிலையைக் கொண்டுவந்து வைத்தால் மறுப்புச் சொல்ல மாட்டார், அதைச் சுற்றி வேகமாக வளரும் புதராகப் பார்த்து நட்டுவிடுவார். இப்போது அவருக்கே ரோடோடென்ட்ரான் பள்ளத்தில் ஒரு சிலை நிற்கிறது, பாவம்.

மேற்குக் கோடியில் இருக்கும் இரண்டு காற்றாலைகளும் அலங்காரத்துக்கு வந்தவை இல்லை. 1903-ல் ஒன்று, 1908-ல் ஒன்று, நிலத்தடி நீரை இறைத்துப் பூங்காவுக்குப் பாய்ச்சக் கட்டியவை. தண்ணீர் கம்பெனிக்குக் காசு கட்டிக் கட்டி அலுத்துப்போய்ச் செய்த வேலை. பிப்ரவரி, மார்ச்சில் வடக்குக் காற்றாலையின் அடியில் டியூலிப் பூக்கும்.

ஜப்பானியத் தோட்டத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே போகிறவர்கள் பாலத்தில் படம் எடுத்து, டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். 1894-ல் அங்கே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது, அதற்காகப் போட்ட ஜப்பானியக் கிராமம்தான் இந்தத் தோட்டத்துக்கு மூலம். கண்காட்சி முடிந்ததும் மகோட்டோ ஹகிவாரா என்பவர் அதை நிரந்தரத் தோட்டமாக்கினார், தன் சொந்தப் பணத்தைப் போட்டு, ஜப்பானிலிருந்து செடி வரவழைத்து, குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்து. அவர் 1925-ல் இறந்த பிறகும் குடும்பம்தான் பார்த்துக்கொண்டது. 1942-ல் போர்க்காலத்தில் மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளியினரை முகாமுக்கு அனுப்பினார்களே, அதில் இந்தக் குடும்பமும் போயிற்று. தோட்டத்தின் பெயரையே "கீழைத் தேநீர்த் தோட்டம்" என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் 1952-ல் திரும்பியது, குடும்பத்துக்குத் தோட்டம் திரும்பவில்லை. இப்போது முன்னால் போகும் சாலைக்கு ஹகிவாரா பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே டீயோடு கொடுக்கும், உள்ளே குறிசொல்லும் சீட்டு வைத்த ஃபார்ச்சூன் குக்கீ, சீன உணவகங்களுக்குப் போகும் முன்பே அமெரிக்காவில் முதலில் இந்தத் தோட்டத்தில்தான் பரிமாறப்பட்டது என்று ஒரு கட்சி உண்டு, லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.


கணக்குப்பிள்ளை:

தயிர்சாதம், சிவலிங்கக் கதையை விட்டுவிட்டீர்களே.


தயிர்சாதம்:

அதை அத்தையிடம் சொன்னால் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் விட்டேன். சரி, சுருக்கமாக. போக்குவரத்துத் தடுப்பாக இருந்த கருங்கல் ஒன்றை, வேண்டாம் என்று நகராட்சி ஆட்கள் பூங்காவின் மரங்களுக்கு நடுவே போட்டுவிட்டார்கள். உருண்டையான தலை, சுமார் நாலு அடி. யாரோ பார்த்துப் பூ வைத்தார்கள், அப்புறம் பால், விபூதி, ஊதுபத்தி, 1990-களின் தொடக்கத்தில் வெளியூரிலிருந்தெல்லாம் கும்பிட வந்தார்கள். பொதுப் பூங்காவில் கோயில் கூடாது என்று நகரம், வழக்கு வரை போய், 1994-ல் கல்லை அங்கிருந்து எடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.


நீலகிரி எக்ஸ்பிரஸ்:

கன்சர்வேட்டரியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. குளிரில் நடுங்கினால் ஓடிப்போய் ஒதுங்க அதுதான் இடம், உள்ளே தாழ்நில வெப்பக்காட்டு அறையில் நம் ஊர்ப் புழுக்கம். 1879-ல் திறந்தது, மரச் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்த வெள்ளை மாளிகை மாதிரி. ஜேம்ஸ் லிக் என்ற பணக்காரர் தன் வீட்டுக்காக வாங்கிப் பெட்டிகளைப் பிரிக்காமலே இறந்துபோனார், ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து அதை வாங்கி நகரத்துக்குக் கொடுத்தார்கள். 1906 பூகம்பத்தில் தப்பித்த கட்டடம், 1995 டிசம்பர் புயலில் ஆயிரக்கணக்கில் கண்ணாடி உடைந்து, 2003 வரை மூடிக் கிடந்தது. சின்னக் கட்டடம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், நாலு வயதுக்கு அதுதான் அளவு.

ஆகஸ்டில் யாராவது போவதாக இருந்தால் அவுட்சைட் லேண்ட்ஸ் இசைவிழா நடக்கும் வார இறுதியைத் தவிருங்கள். பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் போங்கள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வேண்டாம்.


வெண்பூசணி:

போய்விட்டு வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை. சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன், அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்பதே காலுக்கு ஜப்பானியத் தோட்டம், கட்டணம் இல்லாமல் நுழைந்தாயிற்று. பனி மரங்களிலிருந்து மழை மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. அத்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், கையுறை, அப்படியும் கையைத் தேய்த்துக்கொண்டார். நாற்காலி வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போனது, அங்கே குளத்தைப் பார்த்த மாதிரி நிறுத்திவிட்டு நாங்கள் முறைபோட்டுச் சுற்றினோம். பையன் அந்த ஏணிப் பாலத்தில் ஆறு தடவை ஏறினான். மாமா பாலத்தைப் பார்க்கவே இல்லை, பைன் மரக் கிளைகளை எப்படிக் கயிறு கட்டி வளைத்திருக்கிறார்கள் என்று ஒரு தோட்டக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஆங்கிலம் அளவுதான், ஆனாலும் இருபது நிமிடம் பேசினார்கள். ஹகிவாரா குடும்பத்தின் கதையைச் சொன்னேன். "தோட்டம் போட்டவனைத் துரத்திவிட்டுத் தோட்டத்தை வைத்துக்கொண்டார்களா" என்று கேட்டார், அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கான்கோர்ஸ் பெஞ்சில். (டப்பா காரில் வைக்கவில்லை, கணக்குப்பிள்ளை.) சாப்பிட்டு முடிக்கும்போது திடீரென்று வெயில் வந்தது, ஐந்து நிமிடத்தில் ஸ்வெட்டர்கள் எல்லாம் என் கையில். டி யங் கோபுரத்துக்குப் போனோம், கிழக்குப் பக்கம் தெளிவாகத் தெரிந்தது, மேற்கே பஞ்சு அடுக்கி வைத்த மாதிரி பனி, கடல் தெரியவில்லை. அத்தை கண்ணாடி ஓரம் போட்டிருந்த இருக்கையில் உட்கார்ந்து, "இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். நாற்காலி விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது, சன்செட்வாசி, அரை மணி கூட ஆகவில்லை.

கன்சர்வேட்டரிக்கு எல்லோரும் போகவில்லை, மாமாவும் நானும் மட்டும். காபிச் செடியையும் கோகோ மரத்தையும் பார்த்ததும் அங்கே நின்ற இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கோகோ காயை எப்படி உடைப்பது என்று கையால் செய்து காட்டத் தொடங்கிவிட்டார். நூறு வயதைத் தாண்டிய ஃபிலோடென்ட்ரான் கொடி ஒன்று கூரை வரை போயிருக்கிறது, அதைப் பார்த்துக் கைகூப்பினார், விளையாட்டுக்கா நிஜமாகவா என்று தெரியவில்லை.

திடலில் சின்னவள் முதல் சுற்று சேவலில், இரண்டாம் சுற்றும் சேவலில், மூன்றாம் சுற்றில் வேறு ஒரு குழந்தை சேவலில் உட்கார்ந்துவிட்டது, அழுகை. அமேசான் பெட்டி அட்டை நான்காவது சறுக்கலில் கிழிந்தது, அளந்ததெல்லாம் வீண், அங்கே இருந்த ஒரு அண்ணன் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போனான். பொட்டானிகல் கார்டன் போகவே முடியவில்லை. அடுத்த வெள்ளி காலை ஏழரைக்கு மாமாவும் என் கணவரும் மட்டும் போகிறார்கள், இலவச நேரம் என்று மாமாவே சொல்லிவிட்டார், என் கணவருக்கு ஐந்தரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்னும் உறைக்கவில்லை.


கணக்குப்பிள்ளை:

அத்தையிடம் சிவலிங்கத்தைச் சொன்னீர்களா?


வெண்பூசணி:

மாமா சொல்லிவிட்டார். கார் நிறுத்துமிடத்தில் இருந்த எல்லாக் கல் தூணையும் அத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தபிறகுதான் கிளம்பினோம்.